அங்க கசகசா கூடாது

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் எங்க அக்காகிட்ட பிளைட் டிக்கெட்டைக் குடுத்துட்டு, துபாய்க்குப் போனா எப்படி நடந்துக்கணும்னு நாலு யோசனை சொல்லிட்டு வரணும். அம்புட்டுதான்.

அக்கா பேரு செல்வி. அவ மக பிரியா கல்யாணமாகி துபாய்ல இருக்கா. நிறைமாசம். பிரசவம் பாக்க அக்காவும் அத்தானும் திங்கக்கிழமை மத்தியானம் மதுரையில பிளைட் ஏறுறாங்க. ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் பிளைட்டு.

யோசனை சொல்ல உனக்கு என்னப்பா தகுதின்னு கேப்பீங்க. நான் ராஜபாளையத்துல ஆன்லைன் சென்டர் வச்சிருக்கேன். டிக்கெட், விசா, ஆதார், சாதிச் சான்றிதழ், எல்லாம் பிரிண்ட் எடுத்துக் குடுப்பேன். எத்தனையோ பேரை வெளிநாட்டுக்கு அனுப்பி வச்ச கை இது. நான் போன வெளிநாடு? குமுளி. அங்கயும் ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பிட்டேன்.

ஆனா என் கடையில டிக்கெட் எடுத்த ஒருத்தரும் என்கிட்ட யோசனை வாங்காமப் போனதில்ல. அவங்க கேட்டாங்களாங்கிறது வேற விஷயம்.

அக்காவுக்காக இன்டர்நெட்ல தேடி ஒரு லிஸ்ட்டே எடுத்து வச்சிருந்தேன். வெயில் நாட்டுக்குப் பயணம் போறவங்களுக்குன்னு ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். பருத்தித் துணி போடவும். தண்ணி நிறைய குடிக்கவும். பதினோரு மணிக்கு மேல வெயில்ல நிக்க வேண்டாம். தொப்பி அவசியம். மூஞ்சிக்கு கிரீம் தடவவும்.

பனியில பொறந்து பனியில வளந்தவன் எழுதுன லிஸ்ட்டு! மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஜனங்ககிட்ட இதைப் படிச்சுக் காட்டுனா, பாவம் வெயில் தலைக்கேறிருச்சுன்னு நம்மளத்தான் பிடிச்சு நிழல்ல உக்கார வைப்பாங்க.

அதுல உருப்படியா இருந்தது கடைசி வரி ஒண்ணுதான். துபாய்க்கு கசகசா கொண்டு போகக் கூடாது. நாம பாயாசத்துலயும் கறிமசாலாவுலயும் போடுற அதே கசகசாதான். அங்க அது போதைப்பொருள் கணக்கு. பையில இருந்தா ஜெயில்.

எங்க அக்கா கசகசா இல்லாம மசாலா அரைச்சதா சரித்திரமே இல்ல. அதனால என் வீட்டுக்காரி கறாரா சொன்னா.

"நேர்ல போங்க. போன்ல பேசுனா உங்களுக்கும் புரியாது, அவியளுக்கும் புரியாது."

பன்னெண்டு கிலோமீட்டர். பைக்ல அரை மணி நேரம். வெளிய பாத்தேன். ரோடு கானலா ஓடுது. பதினோரு மணிக்கு மேல வெயில்ல நிக்க வேண்டாம்னு லிஸ்ட்டுலயே போட்டிருக்கான். படிச்சவன் சொன்னதை மதிக்கணும்லா? டிக்கெட்டை வாட்ஸ்அப்ல தட்டிவிட்டுட்டு, கடையில ஃபேனுக்கு அடியில உக்காந்து போனைப் போட்டேன்.

அக்கா எடுத்தா. பின்னாடி ஒரே இரைச்சல். ஏதோ மெஷின் ஓடுது. எங்க இருக்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கல.

"யக்கா, லிஸ்ட்டு சொல்லுதேன், கேட்டுக்கோ. பருத்திச் சேலையா எடுத்துக்கோ."

"ஏலே, பின்ன பட்டுச்சேலை கட்டிக்கிட்டா பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டப் போறேன்?"

"தண்ணி நிறைய குடி."

"குடிச்சிட்டு? பிளைட்டுல பத்துத் தடவ யாரு எந்திரிச்சுப் போவா?"

"மூஞ்சிக்கு கிரீம் தடவணுமாம்."

"உங்க அத்தானுக்கும் சேத்துத் தடவுதேன். மேல சொல்லு."

"இப்பச் சொல்லுறதுதான் முக்கியம். நல்லாக் கேட்டுக்கோ. அங்க கசகசா கூடாது."

"என்னது?"

"கசகசா! கசகசா!"

"ஆமாலே, கசகசன்னுதான் இருக்கும். கடக்கரை ஊருல்லா."

அந்த இரைச்சல்ல என் காதுல விழுந்தது 'கசகச' அப்புறம் 'இருக்கும்', இந்த ரெண்டும்தான்.

"இருக்கக் கூடாதுங்கேன்! இருந்தா பிடிச்சு உள்ள வச்சிருவான்!"

"உள்ள வச்சா நல்லதுதானலே. உள்ள ஏசி இருக்கும்லா."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அத்தான் போலீஸ்ல இருந்தவர்தான், அதுக்காகப் போலீஸ்காரன் பொண்டாட்டிக்கு ஜெயிலுன்னா பயமே இல்லாமப் போகுமா!

"விளையாடாதக்கா. கொஞ்சம்கூட இருக்கக் கூடாது."

"சரி, பவுடர் போட்டுக்கிட்டா?"

"பவுடரா இருந்தா இன்னும் மோசம்! மெஷின் வச்சிருக்கான், காட்டிக் குடுத்துரும்."

"அடேயப்பா! இதுக்கெல்லாமா மெஷினு! என்ன ஊருலே அது?"

"மெஷின் மட்டுமில்ல. நாய் வச்சிருக்கான். வரிசையா நிக்க வச்சு மோந்து பாக்கும்."

மெஷின் சத்தத்துக்கு மேல அக்கா குரலை உசத்துனா.

"ஆளையா மோந்து பாக்கும்?"

"ஆளு, பை, எல்லாத்தையும்."

"அப்ப சுத்தமாத்தான் போகணும்ங்கிற."

"ஆமா! சுத்தமா! ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

"எனக்குக்கூட பரவாயில்ல. உங்க அத்தானுக்குத்தான் அது ஜாஸ்தி."

அத்தான் கறிக்குழம்புப் பிரியர். அதைத்தான் சொல்லுதான்னு நினைச்சேன்.

"நான் சொன்னேன்னு சொல்லு. ஒரு நாளைக்குக் கட்டுப்பாடா இருக்கட்டும்,"னுட்டு போனை வச்சேன்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரி கேட்டா. "சொல்லியாச்சா? அவியளுக்குப் புரிஞ்சுதா?"

"தெள்ளத் தெளிவா."

"திருப்பிச் சொல்லச் சொன்னீங்களா?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரு தடவ சொன்னாப் போதும்."

இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயிலேயே நான் போட்டிருக்கணும்.

மறுநாள் காலை அஞ்சரை மணி. அத்தான் போன்.

அத்தான் எஸ்.ஐ.யா இருந்து ரிட்டயர்டு ஆனவர். நாலு வருஷம் ஆச்சு. ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லல.

"மாப்ள, உங்க அக்காகிட்ட என்ன சொல்லி வச்ச?"

"ஏன் அத்தான்?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து மூணு தடவ குளிச்சிட்டா. என்னைய ரெண்டு தடவ குளிக்க வச்சிட்டா. பவுடர் டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டா. வேர்த்துக் கசகசன்னு போனா துபாய்ல நாயை விட்டு மோந்து பாத்து உள்ள வச்சிருவானாம்ல? இத்தன வருச சர்வீஸ்ல இப்பிடி ஒரு சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லயே!"

நான் கசகசாவைப் பத்திக் கத்தியிருக்கேன். அவ வேர்வையைப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்திருக்கா.

"அத்தான், நேத்து மத்தியானம் அக்கா எங்க இருந்தா?"

"மசாலா மில்லுல. பிள்ளைக்குப் பொடி அரைக்கப் போயிருந்தா. ஏன்?"

நான் போன்ல கசகசா கூடாது, கசகசா கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்துன நேரத்துல, அந்தக் கசகசாதான் பின்னாடி அரைபட்டுக்கிட்டு இருந்திருக்கு!

"எம்புட்டு அத்தான் அரைச்சிருக்கா?"

"பன்னெண்டு கிலோ. குழம்புப் பொடி, கறிமசாலா, குருமாப் பொடி, பிரசவ மருந்துப் பொடி. ஒரு பெட்டி பூராம் பொடிதான்."

"அத்தான், கசகசா அங்க போதைப்பொருள் அத்தான்."

இதைப் பதமாச் சொல்லியிருக்கலாம். அத்தான் குரலே மாறிருச்சு.

"போதைப்பொருளா? என் வீட்டுலயா? ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது. நீ உடனே ஸ்பாட்டுக்கு வா."

"வீட்டுக்குன்னு சொல்லுங்க அத்தான்."

"ஸ்பாட்டுக்கு வா!"

ஏழு மணிக்கு மதுரைக்குக் கார் வருது. நான் போய்ச் சேரும்போது ஆறேகால். நேத்து போக வலிச்ச அதே பன்னெண்டு கிலோமீட்டரை பதினேழு நிமிசத்துல போனேன்.

உள்ள போனா, ஹால்ல பேப்பரை விரிச்சு பொட்டலமா வரிசையா அடுக்கியிருக்கு. அக்கா ஈரத் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கா. எதிர்ல அத்தான், பனியனும் கைலியுமா, கையில நோட்டு.

"சாமான் எங்க வாங்குன?"

"பலசரக்குக் கடையில."

"யாரு குடுத்தா?"

"கடைக்காரன்தான் குடுத்தான். பின்ன கலெக்டரா வந்து குடுப்பாரு?"

"எத்தனை நாளா இது நடக்குது?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நடக்குது. அள்ளி அள்ளித் தின்னீகளே, அப்பல்லாம் ஏன் பிடிக்கல?"

அத்தான் நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டார்.

அக்கா என்னைப் பாத்தா. "வாங்க சார். இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும். ஏலே, கசகசான்னு சொல்லியிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன்லா!"

"கசகசான்னுதானக்கா சொன்னேன்!"

"கசகசன்னுல்லா சொன்ன!"

"இல்லக்கா, கசகசா!"

"அதான! நீயே சொல்லுத பாரு, கசகசன்னு!"

இந்தச் சண்டையில அஞ்சு நிமிசம் போச்சு. அத்தான்தான் நிறுத்துனார்.

"எதுலெதுல போட்டிருக்க? அதை மட்டும் எடுத்துருவோம்."

"கறிமசாலாவுல போட்டேன். குருமாப் பொடியில போட்டேன். பிள்ள பெத்தவ அசந்து தூங்கட்டும்னு மருந்துப் பொடியில ஒரு கை கூடுதலாப் போட்டேன்."

"தூங்கட்டும்னே போட்டியா? ஒத்துக்கிடுதியா?"ன்னு அத்தான் அதையும் நோட்டுல ஏத்திட்டார்.

சரி, எந்தப் பொட்டலம் எது? அங்கதான் அடுத்த சிக்கல். ஒண்ணுலயும் பேரு எழுதல. எல்லாம் ஒரே கவரு. எண்ணெய் கசியாம, காத்துப் புகாம, டேப்பைச் சுத்திச் சுத்தி ஒட்டியிருக்கா.

"நான் மோந்து பாத்துச் சொல்லிருதேன்,"னார் அத்தான். "மோப்ப நாய்ப் பிரிவுல ஒரு வருசம் இருந்திருக்கேன்."

"நாயாவா இருந்தீக?"ன்னா அக்கா.

அத்தான் அதைக் கண்டுக்கல. முதல் பொட்டலத்தைப் பிரிச்சு, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், நெஞ்சு நிறைய இழுத்தார்.

அது குழம்புப் பொடி. முக்காவாசி மிளகாய்.

அத்தான் தும்முனார் பாருங்க! முதல் தும்மல்ல கையில இருந்த பொட்டலம் மேல போச்சு. மேல ஓடிக்கிட்டிருந்தது ஃபேன். மீதிய நான் சொல்லவேண்டியதில்ல. ஹாலே செவந்து போச்சு. நான் கண்ணைக் கசக்கிக்கிட்டு சுவிட்சைத் தேடுறேன், அத்தான் தும்மிக்கிட்டே கதவைத் தேடுறார், அக்கா இருமிக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் வைதா. ஜன்னலைத் திறந்து விட்டு மூச்சு வந்ததும் அவ முதல்ல சொன்னது:

"இப்பத்தான் நெசமாவே குளிக்கணும்."

ஆறரை மணி ஆயிருச்சு. வேற வழியில்ல. ஒரு பொட்டலம்கூட வேண்டாம், அந்தப் பெட்டியே வேண்டாம், துணியெல்லாம் வேற பெட்டிக்கு மாத்திருவோம்னு சொன்னேன்.

அக்கா அப்படியே உக்காந்துட்டா.

"பொடி இல்லாம நான் போகலலே. என் பிள்ளை ஒம்போது மாசமா வாய்க்கு ருசியாச் சாப்பிடலன்னு அழுதா. வெறுங்கையோட போய் அவ முன்னால நிக்கவா?"

கண்ணுல தண்ணி. மிளகாயா அழுகையான்னு பாத்தேன். அழுகைதான். மூணு நாளா மிளகாய் காயப்போட்டு, மல்லி வறுத்து, கை எரிய எரிய அவ செஞ்சது. நான் ஃபேன் காத்தை விட்டு எந்திரிக்க மாட்டாம இருந்ததுல, இப்ப எல்லாம் தரையில கிடக்கு. அவ முகத்தைப் பாக்க எனக்கு ரொம்பக் கேவலமா இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்து பிரியா வீடியோ கால்ல வந்தா. மூணு பேரும் செவந்த கண்ணோட நிக்கிறதைப் பாத்து பதறிட்டா. விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ அம்மா! பொடியெல்லாம் இங்கயே கிடைக்கும்மா. கசகசா போடாம, நம்ம ஊர் ருசின்னு எழுதியே விக்கிறாங்க."

அக்காவுக்கு அழுகை டக்குனு நின்னுருச்சு. "கசகசா போடாம நம்ம ஊர் ருசியா? எந்தப் பய எழுதுனான்?"

"அதை விடும்மா. எனக்குப் பொடி வேண்டாம், நீ வந்தாப் போதும். ஸ்வெட்டர் எடுத்தாச்சா? இங்க உள்ள போற இடமெல்லாம் ஏசி. நடுங்கும். மாமாகிட்ட நாலு தடவ சொன்னேனே!"

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. போன்ல இருந்து அவளும் பாத்தா.

உண்மைதான். சொன்னா. துபாய்க்கு ஸ்வெட்டரான்னு நான்தான் சிரிச்சிட்டு விட்டுட்டேன். அங்கயே குடியிருக்கிறவ சொல்லுறதை எப்படி நம்புறது? என் லிஸ்ட்டுல அது இல்லையே!

மே மாசம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல, காலை ஆறே முக்காலுக்கு ஸ்வெட்டருக்கு எங்க போக? அத்தான் பீரோவைக் குடைஞ்சு ஒண்ணை எடுத்தார். எப்பவோ ஊட்டிக்கு பந்தோபஸ்து போனப்ப போட்ட காக்கி ஸ்வெட்டர். ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு.

"நீ போட்டுக்கோ செல்வி. எனக்குக் குளிராது,"ன்னு அக்காகிட்ட நீட்டுனார். அத்தனை நேரம் விசாரணை பண்ணுன மனுசன்!

வெளிய கார்க்காரர் ஹாரன் அடிச்சார். பண்ணுன பாவத்துக்கெல்லாம் பரிகாரமா நான் ஒரு கடைசி யோசனை சொன்னேன்.

"யக்கா, பிளைட்டுல ஏறும்போதே ஸ்வெட்டரை மாட்டிக்கோ. பிரியாவைப் பாக்கிற வரைக்கும் கழட்டாத."

போன்ல சொல்லல. நேர்ல, முகத்தைப் பாத்து, ரெண்டு தடவ சொன்னேன். திருப்பியும் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவ அவளுக்கு நல்லாவே புரிஞ்சுது. அதுதான் வினை.

சாயங்காலம் பிரியா கூப்பிட்டா.

"மாமா, பிளைட் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அம்மாவையும் அப்பாவையும் காணோம்."

நிறைமாசப் பிள்ளை அங்க வாசல்ல நிக்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஏதாவது ஒரு பொட்டலத்தை எனக்குத் தெரியாம அக்கா சொருகிட்டாளா? துணியில பொடி ஒட்டியிருந்துச்சா? கம்ப்யூட்டர்ல துபாய் ஜெயில் பத்தித் தேடுனேன். வீட்டுக்காரி அதை மூடுனா. பெரிய மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். தண்ணி நிறைய குடிச்சேன்.

இன்னொரு மணி நேரம் கழிச்சு அக்காவே கூப்பிட்டா. வெளிய வந்துட்டாங்க!

"யக்கா! என்னாச்சு? பெட்டியில ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லலே. மெஷின் கத்தல. நாயி எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. வெளிய போற வாசல்ல ரெண்டு ஆபீசர் நின்னாவ. ஒருத்தர் நல்லவரு, மலையாளத்துக்காரரு. என்னம்மா இப்பிடி வேர்த்து ஊத்துது, உடம்புக்கு முடியலையான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். நீதான கழட்டாதன்னு சொன்ன? அவுக போட்ட ஏசி எனக்கு எம்மாத்திரம்? உள்ள ஒரே கசகச கசகசன்னு இருக்குய்யான்னேன்."

"யக்கா!"

"அவரு மூஞ்சி செத்துப் போச்சு. கசகசாவா, எங்க, எங்கன்னாரு. நான் ஸ்வெட்டரை இழுத்துக் காட்டி, இதுக்குள்ளதான்யா, எம்புட்டு இருக்கு பாருன்னேன்."

நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன்.

"பொறவு?"

"பொறவு என்ன பொறவு! ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் அந்த ஸ்வெட்டரைத் தையல் தையலாப் பிரிச்சுட்டாவ. உங்க அத்தான் சும்மா இருக்காம நான் போலீஸ், நான் போலீஸ்னு நெஞ்சைத் தட்டுனாவ. அதுல இன்னும் ஒரு மணி நேரம் கூடிப்போச்சு."

கடைசியில வேர்வையைத் தவிர ஒண்ணும் இல்லைன்னு உறுதியாகி, மன்னிப்புக் கேட்டு, ஜூஸ் குடுத்து அனுப்பியிருக்காங்க. அதுக்கு நாலாம் நாள் பிரியாவுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்துச்சு. தாயும் பிள்ளையும் சுகம்.

முந்தாநாள் கடைக்கு ஒருத்தர் மஸ்கட் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தார். "அண்ணே, வெயில் ஊராம்ல. போறவனுக்கு ஏதாவது யோசனை இருந்தாச் சொல்லுங்க,"ன்னார்.

சொன்னேன்.

"வேர்த்தா தொடச்சுக்கோங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க."